மூன்றாம் மாடியில் அறுபது பவுண்டு

"குற்றவாளி ரெடியாக இருக்கிறான், மிஸ்டர் ஆறுமுகசாமி. எப்படிச் செய்தான் என்பதை மட்டும் நீங்கள் கண்டுபிடித்தால் போதும்."

ஆனக்குழி எஸ்டேட் மேனேஜர் செல்லத்துரை இதைச் சொல்லிவிட்டு சிகரெட்டைப் பற்றவைத்தார். வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறியபோது விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூடவே விட்டுப்போன மிடுக்கையும் அவரே எடுத்துக்கொண்டதாகப் பேச்சு.

துப்பறியும் ஆறுமுகசாமி பணிவாகத் தலையாட்டினார். அவருடையது கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கடலைப் புண்ணாக்கு விற்ற பரம்பரை. வாங்க வருகிறவனே விலையையும் சொல்லிக்கொண்டு வந்தால், அவன் வேறெதையோ வாங்க வந்திருக்கிறான் என்பது அந்த வீட்டில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

"குற்றவாளியைப் புடிச்சு வெச்சுட்டு அப்புறமேட்டுக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கறீங்க. ரொம்ப ஒத்தாசைங்க" என்றார்.

"எங்களுக்குப் பாதிச் சம்பளம்தானோ, அண்ணாச்சி?" என்றாள் பக்கத்தில் இருந்த இன்பமேரி. வண்டிப்பெரியாறு எஸ்டேட் ஒன்றில் பிறந்து, தட்டச்சு படித்து, வாய்க்கு மட்டும் படிப்பு தேவைப்படாமல் ஆறுமுகசாமியிடம் உதவியாளராகச் சேர்ந்தவள்.

செல்லத்துரை சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார்.

போன வாரம் டீ பாக்டரியின் மூன்றாம் மாடியில் தீப்பிடித்தது. பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டும் மாடி அது. புகைபோக்கியிலிருந்து ஒரு பொறி கூரை வழியாக உள்ளே வந்து சாக்குத்துணிப் பரண்களில் விழுந்தது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தீயணைக்க அங்கே ஏற்பாடு இருந்தது. மலையுச்சியில் தொட்டி. அங்கிருந்து நானூறு அடி இறங்கிய தண்ணீர் ஒரு தடித்த குழாயாகப் பாக்டரிக்குள் நுழைந்து, தரையிலிருந்து மூன்றாம் மாடிவரை நெட்டுக்குத்தாக ஏறியது. தளத்துக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரு ஓஸ் பைப்.

ஆரம்பத்தில் ஓஸைக் குழாயில் நேராக மாட்டியிருந்தார்கள். முதல் தடவை திறந்தபோதே ஓஸ் படமெடுத்து எழுந்து, பாக்டரியை நடத்தும் டீமேக்கரின் முன்பல் இரண்டைக் கொண்டுபோய்விட்டது. மலைத் தண்ணீருக்கு அவ்வளவு வேகம். பிறகுதான் கம்பெனி என்ஜினீயர் வந்து கணக்குப் போட்டு, தளத்துக்கு ஒன்றாகப் பிரஷர் குறைக்கும் வால்வுகள் நான்கைத் தேர்ந்தெடுத்து நெட்டுக்குத்தாக மாட்டினார்; ஒவ்வொன்றிலும் பிரஷர் காட்டும் கேஜ் ஒன்று. நூற்றைம்பது பவுண்டு உள்ளே போனால் அறுபது பவுண்டு வெளியே வரும். மனிதன் பிடிக்கலாம், தீயும் அணையும்.

"தீப்பிடித்த அன்று மூன்றாம் மாடி ஓஸில் அறுபது பவுண்டு வரவில்லை" என்றார் செல்லத்துரை. "வந்தது ஒரு நூல் தண்ணீர். பாதி மாடி போயிற்று. வால்வுகள் பிட்டர் பொன்ராஜின் பொறுப்பு. யூனியன்காரன். அதற்கு முந்தின வாரம்தான் போனஸ் கேட்டு என் ஆபீஸ் முன்னால் நின்றான். வேறென்ன வேண்டும்?"

"எமர்ஜென்சி வேற" என்றார் ஆறுமுகசாமி.

"எக்ஸாக்ட்லி. இது சபோட்டாஜ். மிசாவில் போவான். வக்கீலும் கிடையாது, ஜாமீனும் கிடையாது. இன்ஷூரன்ஸ்காரர்கள்தான் 'எப்படிச் செய்தான்' என்று கேட்கிறார்கள். சாயங்காலம் ஜீப் வந்துவிடும். அதற்குள் சொல்லிவிடுங்கள்."

ஜீப் கட்டப்பனைக்கு டயர் மாற்றப் போயிருந்தது. நாட்டில் எல்லாம் நேரத்துக்கு நடந்துகொண்டிருந்த அந்த வருஷத்திலும் போலீஸ் ஜீப்பின் டயர் மட்டும் கட்டுப்பாட்டுக்கு வரவில்லை.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் சாக்குமேல் உட்கார்ந்திருந்தான் பொன்ராஜ். வாசலில் நாற்காலி போட்டு மலையாள எஸ்.ஐ. பைலி உறங்காமல் உறங்கிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, வால்வை மூடி வெச்சயா?" என்று தக்காளி விலை கேட்பதுபோல் கேட்டார் ஆறுமுகசாமி.

"ஐயா, நான் எதுக்குங்கய்யா மூடுதேன்? அந்த மாடி எரிஞ்சா எனக்குல்ல வேல போவும்? சனிக்கிழமக்கி சனிக்கிழம நாலு மாடியும் ஏறி கேஜைப் பாப்பேன். அறுவது பவுண்டு. தீப்பிடிச்சதுக்கு முந்துன சனிக்கிழமயும் அறுவதுதான் இருந்துச்சு."

"தண்ணியைத் தொறந்து பாத்தயா?"

"அதெப்படிங்கய்யா? மாடி பூரா கொழுந்து கெடக்கும். ஒரு சொட்டு விழுந்தா தொரை தோலை உரிச்சிருவாவ. கேஜைப் பாக்குறதோட சரி."

"உம் பொண்டாட்டி எங்கே?"

"அழகுத்தாயா? பங்களாவுலதான் வேலைக்கி இருக்கா. நான் உள்ள போயிட்டா லயத்து வீட்ட விட்டும் எறக்கி விட்டுருவாவ. ரெண்டு பொட்டப்புள்ளய வச்சுக்கிட்டு எங்க போவா?" அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். பிறகு அவனே கசப்பாகச் சிரித்தான். "அவ என்னடான்னா பயப்படாதீய, பெருமாள் காப்பாத்துவாருங்கா. பங்களா குளியலறைக்குப் பின்னால ஒரு பெருமாள் வந்திருக்காராம். அவருக்கு நேந்திருக்காளாம். நாங்க சுடலைமாடனக் கும்புடுத ஆளுக. இவளுக்குப் பெருமாள் கக்கூஸ் பக்கத்துல காட்சி குடுக்காரு!"

"சாமி எங்க எறங்கணும்னு நீயா சொல்லுவ? அவருக்கு அங்க வசதி" என்றாள் இன்பமேரி.

பொன்ராஜ் கும்பிட்டான். அப்போது ஆறுமுகசாமி அவன் வலக்கையைக் கவனித்தார். நடுவிரல் பாதிதான் இருந்தது.

"ரோலர்ல போச்சுங்கய்யா. எட்டு வருசமாச்சு."

பாக்டரிக்குள் நுழைந்ததும் இன்பமேரி ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ரோலரிலும் டிரையரிலும் தராசிலும் எண்ணெய் டப்பாவிலும்கூட ஆயுத பூஜைக்குச் சந்தனமும் விபூதியும் குழைத்து இழுத்த மூன்று பட்டைகள் காய்ந்து ஒட்டியிருந்தன.

"அண்ணாச்சி, இது எல்லாம் ஒரே ஆளு கை. நடுப்பட்டை எல்லாத்துலயும் பாதியிலயே நிக்கு, பாத்தியளா? பொன்ராஜ் அண்ணனுக்கு நடுவிரல் சின்னது."

"பக்தி மட்டும் முழுசா இருக்குதுங்க, அம்மிணி. எண்ணெய் டப்பாவைக் கூட விடலை."

தரைத்தளத்து ஓஸை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் திறந்தார்கள். கேஜ் அறுபது காட்டியது. தண்ணீர் முற்றத்தைத் தாண்டி எதிரே கட்டியிருந்த மாட்டைக் குளிப்பாட்டியது. மாடு எதிர்ப்புத் தெரிவித்தது. முதல் மாடியிலும் அறுபது, இரண்டாம் மாடியிலும் அறுபது. மாடு இடத்தைக் காலி செய்தது.

மூன்றாம் மாடியில் தீ பாதிப் பரணைத் தின்றுவிட்டு, படிக்கட்டுப் பக்கத்தை மிச்சம் வைத்திருந்தது. வால்வும் கேஜும் லேசாகப் புகை படிந்து நின்றன. ஓஸ் மூடியிருந்தது. கேஜில் அறுபது பவுண்டு.

"பாருங்க, சத்தியசந்தன்" என்று சொல்லிவிட்டு ஆறுமுகசாமி ஓஸைத் திறந்தார்.

கேஜ் முள் வழுக்குமரத்தில் ஏறியவன் இறங்குவதுபோல் சர்ரென்று அடியில் வந்து நின்றது. ஓஸ் முனையிலிருந்து தண்ணீர் கூச்சத்தோடு எட்டிப்பார்த்தது.

"எங்க அக்கா பையன் இதைவிட தூரம் போவான், அண்ணாச்சி. அவனுக்கு ரெண்டு வயசு" என்றாள் இன்பமேரி.

ஆறுமுகசாமி ஓஸை மூடினார். முள் மெல்ல ஏறி மறுபடி அறுபதில் வந்து யோக்கியமாக நின்றது. அவர் அதையே பார்த்தபடி சொன்னார்:

"எங்கப்பாருகிட்ட ரெண்டு படி இருந்துதுங்க, அம்மிணி. வாங்கறதுக்கு ஒண்ணு, விக்கறதுக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் வாய் ஒரே அளவு. வரிசையா வெச்சா கலெக்டரே வந்தாலும் கண்டுபுடிக்க முடியாது. விக்கற படியில மட்டும் அடித்தகடு ரெண்டு விரக்கடை மேல இருக்கும்."

"உங்க குடும்பத்துல நீங்கதான் போலீஸ் பக்கம் சாஞ்ச மொத ஆளா?"

"அதைச் சொல்லித்தான் எங்கம்மா இன்னும் அழுவுது. இந்த வால்வும் அந்தப் படிதான். வாய் ஒண்ணரை அங்குலம். மத்த மூணு மாடியிலயும் ஒண்ணரை அங்குலம். தொண்டை மட்டும் சுண்டுவிரல். ஓஸ் மூடியிருக்கற வரைக்கும் எந்த வால்வும் அறுவது காட்டும். தண்ணி நிக்கறப்போ தொண்டை எதுக்கு? ஓடறப்போதான் சாயம் வெளுக்கும். இந்த மாதிரி வால்வை எவ்வளவு தண்ணி ஓடோணும்னு பாத்துத்தான் எடுக்கோணும். வாயை அளந்து எடுத்தா மாடி எரிஞ்சிரும்."

"அப்ப என்ஜினீயர் தப்பா எடுத்துட்டாரா?"

"கீழ மூணும் சரியா எடுத்தவருக்கு மேல வந்ததும் மூச்சு வாங்கிருச்சா?"

நான்கு வால்வுகளுக்கும் ஒரே சிவப்புப் பெயின்ட். ஆறுமுகசாமி பேனாக்கத்தியை எடுத்து மூன்றாம் மாடி வால்வைச் சுரண்டினார். பெயின்ட் வந்தது, பிறகு பித்தளை வந்தது. இரண்டாம் மாடிக்கு இறங்கி அங்கும் சுரண்டினார். பெயின்ட் வந்தது, அடியிலிருந்து காய்ந்த சந்தனம் பொருக்காக வந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினால் மூன்று பட்டை, நடுப்பட்டை பாதி. முதல் மாடியிலும் தரைத்தளத்திலும் அதே சந்தனம், அதே பட்டை.

"எண்ணெய் டப்பாவுக்கே பட்டை போட்டவரு மூணாம் மாடி வால்வ மட்டும் வெறும் நெத்தியா விட்டிருக்காரு" என்றாள் இன்பமேரி. உடனே கண்களை அகல விரித்தாள். "இல்ல அண்ணாச்சி! ஆயுத பூஜைக்கு இது இங்க இல்ல!"

"பூஜைக்கு அப்புறம், பெயின்டுக்கு முன்னால, யாரோ நல்லதை எடுத்துட்டு இதை வெச்சிருக்கறாங்க. பெயின்ட் எப்ப அடிச்சாங்களாம்?"

கீழே டீமேக்கர் முன்பல் இல்லாத வாயால் பதில் சொன்னார்: தீபாவளி வாரத்தில். கம்பெனி சேர்மன் வருகிறார் என்று எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்தார்கள். அப்போது பொன்ராஜ்? லீவில் கோவில்பட்டிக்குப் போயிருந்தான்.

வேட்டை கிடைத்த மகிழ்ச்சியோடு ஆபீசுக்குப் போய் ஆறுமுகசாமி வால்வு மாறிய கதையைச் சொன்னார். செல்லத்துரை அதைவிட மகிழ்ந்தார்.

"பிரில்லியன்ட்! அப்படியென்றால் அவன் நல்ல வால்வைத் திருடி குமுளியில் பழைய இரும்புக்கு விற்றிருக்கிறான். லீவுக்குப் போகும்போதே கொண்டுபோயிருப்பான். சபோட்டாஜ் மட்டுமில்லை, திருட்டும்!"

"கள்ளனும் ஆயி அல்லே?" என்று எஸ்.ஐ. பைலி ஜன்னலுக்கு வெளியே, கொட்டகை வாசல் நாற்காலியிலிருந்தே ஒப்புக்கொண்டார். "நல்லதா. ரெண்டு கேஸ் ஒரு ஜீப்பில் போகும்."

வெளியே வந்ததும் இன்பமேரி தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, காப்பாத்தப் போயி அந்த மனுசன் கழுத்துல ரெண்டாவது கயித்தையும் நம்மளே மாட்டிட்டோம்."

ஆறுமுகசாமிக்கு முகம் சுருங்கியிருந்தது. விற்கத் தெரிந்தவர்களுக்கு, சரக்கை எவன் வாங்குவான் என்பதுதான் முதல் கேள்வி.

"அம்மிணி, அந்த வால்வைக் குமுளியில எவன் வாங்குவான்? நூத்தைம்பது பவுண்டுத் தண்ணி அங்க எவன் ஊட்டுல வருது? இந்த மலையில அந்த வேகத்துக்குத் தண்ணி வர்ற எடம் ரெண்டுதான். ஒண்ணு பாக்டரி. இன்னொண்ணு..."

இருவரும் சரிவில் கீழே பார்த்தார்கள். பாக்டரிக்கும் கீழே, ரோஜாத் தோட்டத்துக்கு நடுவில், மேனேஜர் பங்களா ஓட்டுக்கூரையோடு அமர்ந்திருந்தது. அதே தொட்டி, அதே குழாய், இன்னும் ஆழம்.

"சாப்பாட்டுக்கு முன்னால கை கழுவோணுமுங்க" என்றார் ஆறுமுகசாமி.

பங்களாவில் எந்தச் சுவரிலும் சாமி படம் இல்லை. வேட்டையாடிய காட்டெருமையின் தலை ஒன்றுதான் இருந்தது; அதற்கும் பொட்டு கிடையாது. வேலைக்காரர்கள் விபூதி பூசிக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்பது செல்லத்துரையின் சட்டம். 'மூடநம்பிக்கை, வெரி அன்ஹைஜீனிக்.'

குளியலறையில் சிங்கக்கால் வைத்த வெள்ளைத் தொட்டி ஒன்று ராஜாவைப்போல் படுத்திருந்தது. இன்பமேரி குழாயைத் திருகினாள். தண்ணீர் துள்ளவுமில்லை, சீறவுமில்லை. மரியாதையாக, கைத்தடிமனில், நிற்காமல் கொட்டியது. தொட்டியில் கால்வாசி நிரம்புவதற்குள் ஆறுமுகசாமிக்கு வெற்றிலை மடிக்கக்கூட நேரமில்லை.

"எங்க எஸ்டேட் லயத்துக் குழாய் எல்லாம் தொறந்தா ஒதைக்கும். இது மட்டும் கான்வென்ட்ல படிச்ச தண்ணி" என்றாள் இன்பமேரி.

பின்கதவைத் திறந்தபோது, சுவரோரம் தரையை ஒட்டி ஓடிய குழாயின் முன்னால் ஒரு பெண் துளசியோடு குனிந்திருந்தாள். அவர்களைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"தொரைகிட்ட சொல்லிராதீயம்மா! வேலையப் புடுங்கிருவாவ."

"அழகுத்தாயாக்கா? பயப்படாதீய. பெருமாளப் பாக்கத்தான் வந்தோம்."

குழாயில் படுக்கைவாட்டில் பொருத்தியிருந்தது ஒரு பித்தளை வால்வு. பெயின்ட் இல்லை. அதன் முகத்தில் நெட்டுக்குத்தாக மூன்று கோடுகள்: இரண்டு ஓரமும் வெள்ளை, நடுவில் சிவப்பு. சந்தேகமேயில்லாத நாமம்.

"நீ போட்டதா தாயி?" என்றார் ஆறுமுகசாமி.

"ஐயோ, நான் எதுக்கு சாமி போடுதேன்? எங்களுக்கு நாமம் போடத் தெரியாதே! தீவாளி வாரத்துல ஒருநா பெருக்க வந்தேன். பாத்தா இது நாமத்தோட இருக்கு. வரும்போதே நாமம் போட்டுக்கிட்டு வந்த சாமிய ஒரு பூவு இல்லாம எப்படி விடுதது? நடுக்கோடு மட்டும் பாதி அழிஞ்ச மாதிரி இருந்துச்சு. அத நாந்தான் குங்குமத்தால முழுசாக்குனேன். எங்க வீட்டுக்காரரு போனதுல இருந்து தெனமும் வந்து கேக்கேன். அவரு வெளிய வந்தா தேங்கா ஒடைக்குதேன்னு நேந்திருக்கேன்."

ஆறுமுகசாமி வெகுநேரம் நாமத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை வலது தோள்மேல் சாய்த்தார். இன்பமேரியும் சாய்த்தாள்.

"அண்ணாச்சி..."

"நேராத்தான் கும்பிட்டிருக்குது, தாயி. சாமிதான் படுத்திருக்குது" என்றார் ஆறுமுகசாமி. "அம்மிணி, எஸ்.ஐ. குளிச்சு எத்தனை நாளாச்சுன்னு கேட்டுட்டு வா."

பைலி குளித்து மூன்று நாளாகியிருந்தது. பங்களாத் தொட்டியில் வெந்நீர்க் குளியல் என்றதும் சட்டத்தின் கடுமை அவர் முகத்திலிருந்து ஆவியாகியது. இரண்டு கேஸ் கிடைத்த தாராளத்தில் செல்லத்துரையும் சம்மதித்தார். கூடவே வந்து சோப்பும் எடுத்துக் கொடுத்தார்.

தலையில் துவாலையோடு பைலி வெளியே வந்தபோது பின்கட்டில் கூட்டம் நின்றது. அழகுத்தாய், இன்பமேரி, பிடித்துக்கொண்டு வரப்பட்ட பொன்ராஜ். பொன்ராஜைப் பார்த்ததும் அழகுத்தாய் வால்வைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சுகமாயி!" என்றார் பைலி. "என்னா வெள்ளம்! ஒரு பீடி வலிக்கும்முன்னே தொட்டி நிறைஞ்ஞு."

"மூணாம் மாடியில இந்த வெள்ளம் இருந்திருந்தா மாடி நெலச்சிருக்குமுங்க" என்றார் ஆறுமுகசாமி. "உங்களைக் குளிப்பாட்டினது தீயணைக்கற வால்வு. தீக்கு முன்னால நின்னது குளிக்கற வால்வு. இடம் மாறிப்போச்சு."

செல்லத்துரையின் சிகரெட் பாதி வழியில் நின்றது. "நான்சென்ஸ். இந்த வால்வு ஜூன் மாதம் கோயமுத்தூரில் வாங்கியது."

"கோயமுத்தூர்ல இப்ப வால்வுக்கெல்லாம் நாமம் போட்டா விக்கறாங்க?"

"அது இந்த முட்டாள் பெண்பிள்ளை போட்டது!"

"பைலி சார், ஒரு நிமிசம் தலையைச் சாச்சுப் பாருங்க. வலது தோள் பக்கமா."

எஸ்.ஐ. துவாலையோடு தலையைச் சாய்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே எல்லாத் தலைகளும் சாய்ந்தன, செல்லத்துரையுடையதைத் தவிர. நாமம் படுத்துக்கொண்டது. மூன்று பட்டைகள் எழுந்தன.

"இது பட்டையாக்கும்!" என்றார் பைலி. "ஞான் சுறியானி கிறிஸ்தியானி. எனக்கே அறியாம்."

"பாக்டரியில வால்வு நிக்குது. அங்க பொன்ராஜ் ஆயுத பூஜைக்குக் குறுக்காலப் பட்டை போட்டான். இங்க கொண்டாந்து குழாயோட படுக்கப் போட்டாங்க, பட்டை நிமிந்து நாமமாயிருச்சு. அழகுத்தாயி, அந்தக் குங்குமத்தை மட்டும் ஒரு ஈரத்துணியில தொடை. வெள்ளையைத் தொட்டுறாதே."

அவள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு துடைத்தாள். சிவப்பு போயிற்று. அடியில் வெள்ளை நடுக்கோடு, பாதியில் நின்றது.

"பொன்ராஜ், கையை வெய்."

மூன்று விரல்களும் மூன்று கோடுகளின்மேல், செருப்பில் நுழையும் கால்போல் உட்கார்ந்தன. குட்டைக்கோட்டின் மேல் குட்டைவிரல்.

பொன்ராஜ் கையை எடுக்காமல் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "ஏ புள்ள, இது எங் கையில்ல? இதயா பெருமாளுன்னு சொன்ன?"

"நீரு ஒருநாளாவது வந்து பாத்தீரா? நான் சொன்னா சிரிச்சீரு!"

"பங்களாவுக்குள்ள என்னய யாருட்டி விட்டா?"

"சண்டையை லயத்துல வச்சுக்கிடுங்க, இப்பத்தான் கத சூடு புடிக்கு" என்றாள் இன்பமேரி.

செல்லத்துரை மிடுக்கை ஒன்றாகத் திரட்டிக்கொண்டார். வியாபாரத்தில் இது ஆறுமுகசாமிக்குப் பழக்கமான கட்டம்: முதல் விலை படியவில்லை, எதிராளி இறங்கி வருகிறான்.

"ஆல்ரைட். நான்தான் மாற்றச் சொன்னேன். குமுளியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தேன். இதில் என்ன குற்றம்? இரண்டும் ஒண்ணரை அங்குலம். இரண்டிலும் கேஜ் அறுபதுதான் காட்டியது. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் மாற்றினேன். டெக்னிக்கல் விஷயம். ஒரு மேனேஜருக்கு எப்படித் தெரியும்?"

பைலி கன்னத்தைச் சொறிந்தார். அது நியாயம்போலவும் பட்டது. பொன்ராஜின் கை வால்விலிருந்து தளர்ந்து விழுந்தது.

ஆறுமுகசாமி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவசரமேயில்லை.

"நாயமான பேச்சுங்க. ஒரே ஒரு சந்தேகம். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சீங்க. சரி. ஒண்ணுன்னா எதுக்குங்க மாத்துனீங்க?"

செல்லத்துரை அணைந்துபோன சிகரெட்டை மறுபடி பற்றவைக்கப் பார்த்தார்.

"சேர்மன் வர்றாரு, பங்களாவுல தங்கறாரு. பழைய வால்வுல தொட்டி நெரம்ப ஒரு மணி நேரம் ஆகுது. தண்ணி பத்தலைன்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் மாத்துனீங்க. ஒரு ஆளு குளிக்கப் பத்தாத வால்வு ஒரு மாடியை அணைக்கப் பத்துமான்னு கேக்க டெக்னிக்கல் எதுக்குங்க? சேர்மன் மூணாம் மாடி ஏறமாட்டாருன்னு கணக்குப் போட்டீங்க, அது சரியாத்தான் இருந்துது. தீ ஏறுமான்னு பாக்கலை. மாடி எரிஞ்ச அன்னிக்கே உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. அப்பத்தான் யூனியன்காரன் ஞாபகம் வந்துது."

"உங்களை அமர்த்தியது நான்!" என்று கத்தினார் செல்லத்துரை.

"ஆமாங்க. 'எப்படிச் செஞ்சான்னு கண்டுபுடி'ன்னு சொன்னீங்க. கண்டுபுடிச்சாச்சு."

அந்த நேரத்துக்குச் சரியாக மேட்டில் ஜீப் உறுமியது. நாலு டயரும் இருந்தன.

பைலி துவாலையை மடித்து அழகுத்தாயிடம் கொடுத்தார். சட்டையில் பொத்தான் போட்டார். "துரை ஒந்நு ஸ்டேஷன் வரைக்கும் வரணும். ஸ்டேட்மென்டு எடுக்கணும்."

"என்னையா? ஜீப்பிலா?"

"ஜீப் வந்நு போயல்லோ. காலியாயிட்டு எங்ஙன விடும்? பெட்ரோலிந்டெ விலை அறியாமோ?"

மேனேஜர் என்பதால் முன் சீட்டு கொடுத்தார்கள். சோஷலிசம் இன்னும் அந்த ஜீப்பின் முன் சீட்டுவரை வந்திருக்கவில்லை.

ஜீப் மறைந்த பிறகுதான் அழகுத்தாய்க்கு அழுகை வந்தது. பொன்ராஜ் ஸ்பானரை எடுத்து வால்வைக் கழற்றினான். தோளில் தூக்கிக்கொண்டு மேடேறினான். அவள் பின்னாலேயே துளசியும் தேங்காயுமாக நடந்தாள். வழியில் கொழுந்து கிள்ளிவிட்டு வந்த பெண்கள், என்ன சாமி ஏது சாமி என்று கேட்காமல் கூடச் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் மாடி ஏறும்போது அது ஒரு சின்ன ஊர்வலமாகியிருந்தது.

பொன்ராஜ் அங்கிருந்த வால்வைக் கழற்றிவிட்டு இதை நிமிர்த்திப் பொருத்தினான். நாமம் மறுபடி பட்டையானது. ஓஸை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் திறந்தான். முள் அறுபதிலிருந்து கொஞ்சம் இறங்கி, அங்கேயே காலூன்றி நின்றது. தண்ணீர் முற்றத்தின் மேலே பாலம் போட்டது. தூரத்தில் போய் நின்றிருந்த மாடு இன்னும் தூரம் போயிற்று.

அழகுத்தாய் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "ஏங்க, இப்ப நான் யாருக்கு ஒடைக்க? நேந்தது பெருமாளுக்கு. இங்க நிக்கது பட்டையில்லா போட்டிருக்கு?"

"படுத்திருந்தா அவரு, நின்னா இவரு. நீ ஒடை" என்றான் பொன்ராஜ். "தண்ணி வருதுல்ல?"

தேங்காய் சரிபாதியாக உடைந்தது. எல்லாரும் வால்வைக் கும்பிட்டார்கள். அழகுத்தாய் பெண்களிடம் திரும்பி, அந்தச் சாமி கேட்டதைக் கொடுக்கும், தன் புருஷனை ஜீப் வாசலிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தது அதுதான் என்று கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற இரண்டு பேரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, சம்பளம் தர வேண்டியவரு ஜீப்ல போயிட்டாரு. பேரு வால்வுக்குப் போயிருச்சு. நமக்கு?"

ஆறுமுகசாமி கூட்டத்துக்கு நடுவே கையை நீட்டி ஒரு தேங்காய்மூடியை எடுத்துக்கொண்டு வந்தார். சுரண்டிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"அடி சரியாத்தான் இருக்குதுங்க, அம்மிணி" என்று பாதியை உடைத்து அவளிடம் நீட்டினார்.